லினக்ஸ் லேப்டாப்பில் சஸ்பெண்ட், ரெஸ்யூம்: முதல்முறை கை வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூடியை மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப், ஊர் போய்ச் சேர்ந்து எடுக்கும்போது தோசைக்கல்லாய்ச் சுடுகிறதா? திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறதா? வைஃபை காணாமல் போகிறதா? இந்த மூன்றும் எனக்கு வந்தன. இணையத்தில் கிடைத்த வைத்தியங்களில் பாதி பத்து வருடப் பழையவை. மீதியில் பெரும்பாலானவை வேறு யாரோ ஒருவருடைய மாடலுக்கானவை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சஸ்பெண்ட் என்றால் லேப்டாப்பைத் தூங்க வைப்பது, ரெஸ்யூம் என்றால் எழுப்புவது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒருவர் மட்டும் முடிவு செய்வதில்லை. பயாஸ் (லேப்டாப்போடு வரும் அடிப்படை மென்பொருள்), கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் லாகின்டி சேவை (பயனர் அமர்வு, மூடி, பவர் பட்டன் ஆகியவற்றைக் கவனிப்பது), க்னோம் அல்லது கேடிஇ போன்ற டெஸ்க்டாப் என நான்கு பேர் இருக்கிறார்கள். உங்கள் சிக்கல் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் கோப்பைத் திருத்தினால் எதுவும் மாறாது. மாறினாலும் ஏன் மாறியது என்று தெரியாது. அதனால் கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இது உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற சிஸ்டம்டி உள்ள லினக்ஸ்களுக்கானது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளியும் கோடும் மாறாமல் அடியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வெற்று உரைக் கோப்பைத் திறந்து இவற்றை எழுதி வையுங்கள். கடைசிப் படி வரை போய்ப் பிழை அறிக்கை போட நேர்ந்தால் இந்தத் தாள்தான் உங்கள் விண்ணப்பம்.

லேப்டாப்பின் முழு மாடல் பெயரும் பயாஸ் பதிப்பும் வேண்டும். "சூடோ டிஎம்ஐடிகோட்" அடித்தால் இரண்டும் முதல் சில பகுதிகளிலேயே கிடைக்கும். கெர்னல் பதிப்புக்கு "யுநேம் -ஆர்", சிஸ்டம்டி பதிப்புக்கு "சிஸ்டம்சிடிஎல் --வெர்ஷன்", கிராஃபிக்ஸ் கார்டுக்கு "எல்எஸ்பிசிஐ". இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியவற்றில் எது என்று தெரிந்தால் போதும். இரண்டு கார்டு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

இவற்றோடு பூட் ஆகக்கூடிய ஒரு பென்டிரைவ். 8 ஜிபி போதும். கெர்னல் அளவுருவை (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு) மாற்றி லேப்டாப் எழ மறுத்தால் உள்ளே நுழைய அதுதான் வழி. திருத்தப்போகும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரோடு அன்றைய தேதியைச் சேர்த்துவிட்டால் எது எதற்கு என்று பிறகு குழப்பம் வராது.

செலவு என்று பார்த்தால் பணம் எதுவும் இல்லை. ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணைவது) வேண்டும் என்றால் மட்டும் வட்டில் ரேம் அளவுக்கு இடம் போகும். நேரம்தான் செலவு. 2 முதல் 5 வரையான படிகளை ஒரு மாலையில் முடித்துவிடலாம். பேட்டரி எவ்வளவு குறைகிறது என்று பார்க்க ஓர் இரவு வேண்டும், அதைச் சுருக்க வழியில்லை. வேலைக்கு லேப்டாப் தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள்.

2. உங்கள் லேப்டாப் எந்த வகையில் தூங்குகிறது என்று பாருங்கள்

"கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்" என்று அடியுங்கள். ஒன்றோ இரண்டோ சொற்கள் வரும். சதுர அடைப்புக்குள் இருப்பது இப்போது நடப்பில் உள்ள வகை.

"டீப்" என்பது பழைய எஸ்3 நிலை. ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். "எஸ்2ஐடில்" என்பது வேறு. அதில் புரோகிராம்களை உறைய வைத்து, சாதனங்களைத் தணித்து, ப்ராசஸரைச் சும்மா இருக்கவிடுகிறார்கள். கணினி அணைவதில்லை. ப்ராசஸரும் பயாஸும் எல்லா டிரைவரும் ஒத்துழைத்தால் இதிலும் மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். ஒரு சாதனம் முரண்டு பிடித்தாலும் பை சுடும்.

வெளியீட்டில் எஸ்2ஐடில் மட்டும் இருந்தால், உங்கள் பயாஸ் எஸ்3 நிலையைத் தருவதில்லை என்று பொருள். விண்டோஸின் மாடர்ன் ஸ்டாண்ட்பை முறைக்காகச் செய்யப்பட்ட பல புது லேப்டாப்கள் இப்படித்தான் வருகின்றன. அப்படியானால் படி 3-இல் பயாஸ் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மேலே போங்கள். இல்லாத டீப்பை எந்தக் கெர்னல் அளவுருவும் கொண்டுவராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் க்ரப் (பூட் ஆகும்போது கெர்னலை ஏற்றும் புரோகிராம்) கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

3. டீப் இருந்தால் முதலில் தற்காலிகமாக மாற்றிப் பாருங்கள்

இரண்டு சொற்களும் வந்து, எஸ்2ஐடில் அடைப்புக்குள் இருந்தால், "எக்கோ டீப் | சூடோ டீ /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்" என்று அடியுங்கள். ரீபூட் செய்யும் வரைதான் இது நிற்கும், அதனால் பயப்பட வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "சூடோ எக்கோ டீப்" என்று எழுதி, அம்புக்குறி (>) போட்டு அந்தக் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்று வரும். காரணம், சூடோ எக்கோவுக்கு மட்டுமே பொருந்தும். அம்புக்குறி வேலையை உங்கள் ஷெல்தான் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டுவது) செய்கிறது, அதற்கு ரூட் (நிர்வாகி) உரிமை இல்லை. நடுவில் டீ கட்டளை வருவது இதற்காகத்தான். சிஸ் அடைவில் எதை எழுதினாலும் இதே முறை.

இப்போது படி 5-இல் சொல்லியிருக்கும் சோதனையைச் செய்யுங்கள். நாலைந்து தடவை நன்றாகத் தூங்கி எழுந்தால் நிலையாக்குங்கள். உபுண்டுவிலும் டெபியனிலும் /இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் வரியின் மேற்கோளுக்குள் "மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்" என்று சேர்த்து, "சூடோ அப்டேட்-க்ரப்" அடிக்க வேண்டும். ஃபெடோராவில் அதே அளவுருவைக் க்ரப்பி கட்டளை மூலம் எல்லாக் கெர்னலுக்கும் சேர்க்கலாம். டீப்புக்கு மாற்றிய பிறகு லேப்டாப் எழவில்லை என்றால் அந்த மாடலில் எஸ்3 பெயருக்குத்தான் இருக்கிறது. விட்டுவிடுங்கள். எஸ்2ஐடிலைச் சரியாக்குவதுதான் அங்கே வழி.

அப்புறம் பயாஸ். சில திங்க்பேட் மாடல்களில் பவர் பகுதியில் "ஸ்லீப் ஸ்டேட்" என்ற தேர்வு இருக்கும். விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு விருப்பங்கள். லினக்ஸ் என்று வைத்தால் எஸ்3 திறந்துகொள்ளும். அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தால் இதை மாற்றுமுன் யோசியுங்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பைக்காக நிறுவப்பட்ட விண்டோஸ் அதன்பின் தூங்குவதில் தகராறு செய்யலாம்.

4. மூடியை யார் கவனிக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

"சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்" அடியுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் "ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்" என்று எந்த வரியிலாவது இருந்தால், அந்த வரியில் பெயர் உள்ள புரோகிராம் "மூடியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று லாகின்டியிடம் சொல்லி வைத்திருக்கிறது. கேடிஇயில் பவர்டெவில் அப்படிச் சொல்லும். அந்த நிலையில் லாகின்டி கோப்பில் நீங்கள் என்ன எழுதினாலும் மூடி கண்டுகொள்ளாது. டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில்தான் மாற்ற வேண்டும். பட்டியலில் அப்படி எதுவும் இல்லையென்றால் முடிவு லாகின்டியுடையது.

லாகின்டியின் இயல்பு இப்படி: மூடியை மூடினால் சஸ்பெண்ட். வெளி மானிட்டரோ டாக்கோ இணைந்திருந்தால் எதுவும் செய்யாது. எச்டிஎம்ஐ வயரைக் கழற்ற மறந்துவிட்டு மூடியை மூடி, "சஸ்பெண்ட் வேலை செய்யவில்லை" என்று புலம்புபவர்களுக்கான பதில் இதுதான். மாற்ற வேண்டுமானால் ஹேண்டில்லிட்ஸ்விட்ச்டாக்ட் என்ற அமைப்பு அதற்கு இருக்கிறது. சார்ஜர் செருகியிருக்கும்போது வேறு மாதிரி நடக்க வேண்டுமானால் ஹேண்டில்லிட்ஸ்விட்ச்எக்ஸ்டெர்னல்பவர்.

இவற்றை மூலக் கோப்பில் எழுதாதீர்கள். /இடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப்.டி என்ற அடைவை உருவாக்கி, அதற்குள் .கான்ஃப் என்று முடியும் ஒரு சிறு கோப்பில் எழுதுங்கள். முதல் வரி சதுர அடைப்புக்குள் "லாகின்" என்று இருக்க வேண்டும். கோப்பின் பெயரைப் பார்த்து அடைப்புக்குள்ளும் கடைசியில் ஒரு டி சேர்த்துவிட்டால் கோப்பு முழுவதும் வீண், திரையில் எந்தப் பிழையும் காட்டாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மாற்றம் நடப்புக்கு வர "சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்" போட்டு லாகின்டியை மறுதொடக்கம் செய்யச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. திறந்து வைத்திருக்கும் உங்கள் டெஸ்க்டாப்பே அதில் போய்விடலாம். சேமித்துவிட்டு ரீபூட் செய்வது உத்தமம். இரண்டாவது, பூட் ஆன பிறகும் தூக்கத்திலிருந்து எழுந்த பிறகும் 30 நொடிக்கு லாகின்டி மூடியைக் கண்டுகொள்ளாது. ஹோல்ட்ஆஃப்டைம்அவுட்செக் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு அது. திறந்து மூடித் திறந்து மூடிச் சோதிப்பவர்கள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள்.

5. கையை வைக்காமல் சோதியுங்கள்

மூடியை வைத்துச் சோதிப்பதைவிட டைமர் வைத்துச் சோதிப்பது மேல். மூடியின் கோளாறும் தூக்கத்தின் கோளாறும் கலக்காமல் இருக்கும்.

எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, "சூடோ ஆர்டிசிவேக் -எம் நோ -எஸ் 90" அடித்து, உடனே "சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்" அடியுங்கள். முதல் கட்டளை 90 நொடி கழித்து எழுப்பும் அலாரத்தை மட்டும் வைக்கிறது. இரண்டாவது தூங்க வைக்கிறது. "-எம் மெம்" என்று போட்டு ஒரே கட்டளையில் முடிக்கச் சொல்வார்கள். அதுவும் தூங்க வைக்கும், ஆனால் சிஸ்டம்டியைத் தொடாமல் நேரே கெர்னலுக்குப் போய்விடும். படி 6-இல் எழுதப்போகும் ஸ்கிரிப்ட் எதுவும் அதில் ஓடாது.

எழுந்த பிறகு "ஜர்னல்சிடிஎல் -கே -பி" அடித்துப் பாருங்கள். "பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி" என்ற வரியும், பக்கத்தில் எந்த வகைத் தூக்கம் என்பதும், பிறகு "பிஎம்: சஸ்பெண்ட் எக்ஸிட்" என்ற வரியும் இருக்க வேண்டும். என்ட்ரி இருந்து எக்ஸிட் இல்லையென்றால் தூங்கும்போதோ எழும்போதோ விழுந்திருக்கிறது. என்ட்ரியே இல்லையென்றால் கோரிக்கை கெர்னலுக்கே போகவில்லை, படி 4-க்குத் திரும்புங்கள். எழவே இல்லாமல் பவர் பட்டனால் அணைக்க நேர்ந்தால், அடுத்த பூட்டில் "-பி -1" என்று போட்டு முந்தைய பூட்டின் பதிவைப் படிக்கலாம். கடைசிச் சில வரிகள் வட்டில் எழுதப்படாமலே போயிருக்கும், அதை மனதில் வையுங்கள்.

திரை கறுப்பாக நிற்கும்போது உடனே பவர் பட்டனை அழுத்தாதீர்கள். கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரைதான் வரவில்லை. அந்த நேரத்தில் இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் உள்ளே வந்து பதிவைப் பத்திரமாக எடுக்கலாம். அதற்கும் வழியில்லையென்றால் ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூ விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று நிதானமாக அழுத்துங்கள். உபுண்டுவின் இயல்பு அமைப்பிலேயே இந்த மூன்றுக்கும் அனுமதி உண்டு. வட்டில் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு ரீபூட் ஆகும்.

6. தூங்கும் முன்னும் எழுந்த பின்னும் உங்கள் வேலை நடக்க

இங்கேதான் அதிகம் தவறான தகவல் உலவுகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தவிர்க்க வேண்டியது. /இடிசி/பிஎம்/ஸ்லீப்.டி அடைவில் ஸ்கிரிப்ட் போடச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால் மூடிவிடுங்கள். அது பிஎம்-யூட்டில்ஸ் காலத்து இடம். சிஸ்டம்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இப்போதைய இடம் /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப். அங்கே இருக்கும், இயக்க அனுமதி உள்ள ஒவ்வொரு கோப்பையும் சிஸ்டம்டி ரூட்டாக ஓட்டும். "சிஎச்மாட்" மூலம் அந்த அனுமதியைக் கொடுக்க மறந்தால் கோப்பு இருந்தும் இல்லாததுதான். ஸ்கிரிப்டுக்கு இரண்டு சொற்கள் வந்து சேரும். முதலாவது "ப்ரீ" அல்லது "போஸ்ட்", அதாவது தூங்கும் முன்னா, எழுந்த பின்னா. இரண்டாவது "சஸ்பெண்ட்", "ஹைபர்னேட்" என்று எந்த வகை என்பது. முதல் சொல்லை வைத்து ஒரு கேஸ் பிரிவு எழுதினால் ஸ்கிரிப்டின் எலும்புக்கூடு தயார்.

முதலில் பேட்டரிக் கணக்கு எழுதும் ஸ்கிரிப்டைப் போடுங்கள் என்பேன். வேறு எதைச் சரிசெய்தாலும் பலன் இருக்கிறதா என்று இதுதான் சொல்லும். ப்ரீ, போஸ்ட் இரண்டிலும் தேதி நேரத்தையும் /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/எனர்ஜி_நவ் கோப்பின் எண்ணையும் /வேர்/லாக் அடைவில் ஒரு கோப்பின் கடைசியில் சேர்த்தால் போதும். சில மாடல்களில் பேட்1 என்றிருக்கும். வேறு சிலவற்றில் எனர்ஜி_நவ் இருக்காது, சார்ஜ்_நவ் இருக்கும்.

எனர்ஜி_நவ் எண்ணை 10 லட்சத்தால் வகுத்தால் வாட்-மணி. இரவு 42, காலை 38, நடுவில் 8 மணி நேரம் என்றால் 4 வாட்-மணி போயிருக்கிறது, அதாவது சராசரியாக அரை வாட். 50 வாட்-மணி பேட்டரியில் அது 8 சதவீதம். ஓர் இரவுக்கு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நான் மேற்கொண்டு நோண்ட மாட்டேன். 30, 40 என்று போனால் நிச்சயம் ஏதோ விழித்திருக்கிறது. எஸ்2ஐடில் உள்ளவர்கள் அண்மைக்காலக் கெர்னல்களில் /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவில் லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் என்ற கோப்பையும் பாருங்கள். கடைசித் தூக்கத்தில் வன்பொருள் எத்தனை மைக்ரோநொடி உண்மையிலேயே ஆழ்ந்து கிடந்தது என்று அதில் இருக்கும். ஒரு மணி நேரம் மூடி வைத்தும் அது பூஜ்யம் என்றால் லேப்டாப் கண்ணை மூடிப் படுத்திருந்ததே தவிர தூங்கவில்லை.

இனி இந்த ஸ்கிரிப்டுகளில் உள்ள பொறிகள்.

அங்கே இருக்கும் எல்லா ஸ்கிரிப்டும் ஒரே நேரத்தில் ஓடும். 10, 20 என்று பெயருக்கு முன் எண் போட்டு வரிசைப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றன்பின் ஒன்று நடக்க வேண்டுமானால் ஒரே ஸ்கிரிப்டுக்குள் எழுதுங்கள். அதோடு, எல்லாம் முடியும் வரை சிஸ்டம்டி காத்திருக்கும். பேக்கப் எடுப்பது, பெரிய கோப்பை அனுப்புவது போன்றவற்றை ப்ரீ பகுதியில் வைத்தால், மூடியை மூடிப் பைக்குள் வைத்த பிறகும் லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும்.

போஸ்ட் பகுதி ஓடும்போது வைஃபை இன்னும் இணைந்திருக்காது. விபிஎன் போடுவது, கோப்புகளை ஒத்திசைப்பது போன்ற வேலைகளுக்கு இது இடமே இல்லை. ஸ்லீப் கட்டளையால் இருபது நொடி காத்திருக்க வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு, ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. நெட்வொர்க்மேனேஜரின் டிஸ்பேச்சர்.டி அடைவில் போட்டால் இணைப்பு வந்த பிறகே உங்கள் ஸ்கிரிப்டைக் கூப்பிடும்.

திரையில் அறிவிப்பு காட்டுவது, திரையைப் பூட்டுவது, பாட்டை நிறுத்துவது எல்லாம் உங்கள் பயனர் அமர்வில் நடக்க வேண்டியவை. ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு உங்கள் திரை எது என்றே தெரியாது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: 2024-இல் வந்த சிஸ்டம்டி 256 முதல், தூங்குவதற்கு முன் பயனர் அமர்வுகளை மொத்தமாக உறைய வைக்கிறார்கள். உறைந்திருக்கும் புரோகிராமிடம் உங்கள் ஸ்கிரிப்ட் பதில் கேட்டால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பயனர் பக்க வேலைகளுக்கு லாகின்டி டிபஸ்ஸில் (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாதை) அனுப்பும் "ப்ரிபேர்ஃபார்ஸ்லீப்" சமிக்ஞைதான் சரியான வழி. தூங்கும் முன் உண்மை என்றும், எழுந்த பின் பொய் என்றும் ஒரு மதிப்போடு வரும். ஸ்வே பயன்படுத்துபவர்களுக்கு ஸ்வேஐடிலும், எக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு எக்ஸ்எஸ்எஸ்-லாக்கும் இதைக் கேட்டுத் திரையைப் பூட்டித் தரும்.

நீங்களே புரோகிராம் எழுதினால், தூக்கத்தைச் சற்றுத் தள்ளிப்போடும் "டிலே" வகை இன்ஹிபிட்டர் பூட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சமிக்ஞை வந்ததும் வேலையை முடித்துப் பூட்டை விடுங்கள். இயல்பாக 5 நொடிதான் பொறுப்பார்கள், அதற்குமேல் உங்களைக் கேட்காமலே தூங்கிவிடும். எழுந்ததும் அடுத்த தூக்கத்துக்காகப் பூட்டைத் திரும்ப வாங்க வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் தடவை எல்லாம் ஒழுங்காக நடக்கும், இரண்டாம் தடவை நடக்காது. நேரம் அளப்பதிலும் கவனம் வேண்டும். க்ளாக்_மோனோடானிக் கடிகாரம் தூங்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காது. தூக்கத்தையும் சேர்த்து எண்ண வேண்டுமானால் க்ளாக்_பூட்டைம்.

தினமும் ஒரு நேரத்தில் நடக்க வேண்டிய வேலையைக் க்ரானில் வைத்திருக்கிறீர்களா? அந்த நேரத்தில் லேப்டாப் தூங்கினால் அன்றைய வேலை தவறிப்போகலாம். சிஸ்டம்டி டைமருக்கு மாற்றி ஆன்கேலெண்டர் முறையில் நேரம் கொடுங்கள். தூக்கத்தில் தவறிய வேலை எழுந்ததும் நடக்கும். லேப்டாப் அணைந்து கிடந்தபோது தவறியதையும் பிடிக்க "பெர்சிஸ்டென்ட்=ட்ரூ" சேர்க்க வேண்டும். "வேக்சிஸ்டம்=ட்ரூ" என்றால் அந்த நேரத்தில் லேப்டாப்பையே எழுப்பிவிடும். பைக்குள் இருக்கும்போது எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுப் போடுங்கள்.

7. அடிக்கடி வரும் நோய்கள்

தூங்கவே மறுக்கிறது: பதிவில் "ஃப்ரீசிங்" என்று தொடங்கி, 20 நொடிக்குப் பிறகு தோற்றதாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கெர்னல் எல்லாப் புரோகிராமையும் உறைய வைக்க 20 நொடிதான் காத்திருக்கும். எஸ்எஸ்எச்எஃப்எஸ், என்எஃப்எஸ் போன்ற பிணைய அடைவு இணைப்பு அறுந்து தொங்கினால் அதைத் தொட்ட புரோகிராம் உறைய மறுக்கும். கெர்னல் சஸ்பெண்டைக் கைவிடும். பை சூடாவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். தூங்கும் முன் அந்த அடைவுகளை அவிழ்த்துவிடுங்கள்.

தூங்கிய உடனே எழுகிறது: "கேட் /ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப்" பட்டியலில் எனேபிள்ட் என்றிருக்கும் சாதனங்கள்தான் எழுப்ப உரிமை உள்ளவை. எக்ஸ்எச்சி என்று தொடங்குவது யுஎஸ்பி, பெரும்பாலும் குற்றவாளி அதுதான். மேசையில் கம்பியில்லா மவுஸ் லேசாக நகர்ந்தாலே போதும். சாதனத்தின் பெயரை எக்கோ, டீ முறையில் அதே கோப்பில் எழுதினால் நிலை மாறும். திரும்ப எழுதினால் பழையபடி ஆகிவிடும், அதனால் ஸ்கிரிப்டில் வைப்பவர்கள் இப்போதைய நிலையைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். ரீபூட்டில் எல்லாம் இயல்புக்குத் திரும்பும்.

என்விடியா கார்டு, எழுந்ததும் கறுப்புத் திரை அல்லது கலைந்த படம்: நிறுவனத்தின் சொந்த டிரைவர் என்றால் என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெஸ்யூம், என்விடியா-ஹைபர்னேட் என்ற மூன்று சேவைகளும் எனேபிள் ஆகியிருக்க வேண்டும். "ப்ரிசர்வ்வீடியோமெமரிஅலோகேஷன்ஸ்" என்ற டிரைவர் அளவுரு 1 என்றும் இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் நினைவகத்தில் உள்ளதை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும் முறை இது. அந்தக் கோப்பு இயல்பாக /டெம்ப் அடைவில் போய் உட்காரும். உங்கள் /டெம்ப் ரேமிலேயே இருந்தால் இடம் போதாமல் போகலாம், /வேர்/டெம்ப்புக்கு மாற்றுங்கள்.

வைஃபை, டச்பேட் காணவில்லை: அந்த டிரைவரை ப்ரீயில் "மாட்ப்ரோப் -ஆர்" மூலம் இறக்கி, போஸ்டில் திரும்ப ஏற்றுங்கள். அழகான தீர்வு இல்லைதான், ஆனால் நடக்கும்.

8. ஹைபர்னேட் வேண்டுமா?

பேட்டரி சுத்தமாகச் செலவாகக் கூடாது என்றால் இதுதான். ரேமில் உள்ளது வட்டின் ஸ்வாப் பகுதிக்குப் போய்விடும், எழ அதிக நேரமாகும். ஆனால் செலவு உண்டு. ரேம் 16 ஜிபி என்றால் ஸ்வாப்பும் அந்த அளவாவது இருக்கட்டும். உபுண்டு நிறுவும்போது தானாக உருவாகும் ஸ்வாப் கோப்பு பல சமயம் அதைவிட மிகச் சிறியது. ஃபெடோராவில் இயல்பாக வருவது ரேமுக்குள்ளேயே இருக்கும் இசட்ரேம், அதில் ஹைபர்னேட் செய்ய முடியாது.

ஸ்வாப் தனிப் பகிர்வாக இருந்தால் அதன் யுயுஐடியை (பகிர்வின் அடையாள எண்) கெர்னலின் ரெஸ்யூம் அளவுருவில் கொடுக்க வேண்டும். கோப்பாக இருந்தால் ரெஸ்யூம்_ஆஃப்செட்டும் தேவை, தனிப் பகிர்வுதான் தலைவலி குறைவு. பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட்டின் தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பிக்க வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பயாஸ் அமைப்பு) போட்டிருந்தால் உபுண்டு, ஃபெடோரா போன்ற பெரும்பாலான விநியோகங்களின் கெர்னல் ஹைபர்னேட்டை மறுத்துவிடும். அதை நிறுத்துவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. விண்டோஸும் உள்ள லேப்டாப்பில் ஓர் இயங்குதளம் ஹைபர்னேட்டில் கிடக்கும்போது அதன் பகிர்வை இன்னொன்றிலிருந்து திறந்து எழுதாதீர்கள், கோப்புகள் பாழாகும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இதே கணக்கில் வரும், முதல் வேலையாக அதை அணையுங்கள்.

ஹைபர்னேட் ஒழுங்காக வந்துவிட்டால் "சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட்" அருமையான ஏற்பாடு. முதலில் சாதாரணத் தூக்கம், ஸ்லீப்.கான்ஃப் கோப்பில் ஹைபர்னேட்டிலேசெக் என்று கொடுத்த நேரம் கழித்து ஹைபர்னேட். எஸ்2ஐடில் மட்டும் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

9. எதுவும் நடக்கவில்லை என்றால்

முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். "எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர்" கட்டளை பல நிறுவன மாடல்களுக்கு லினக்ஸிலிருந்தே அதைச் செய்யும். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், நடுவில் மின்சாரம் போகக் கூடாது. அடுத்து வேறொரு கெர்னல். க்ரப் மெனுவின் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் பழைய கெர்னல் இருக்கும், அதில் பூட் செய்து சோதியுங்கள்.

இரண்டிலும் தீரவில்லை என்றால் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறுக்கலாம். /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் கோப்பில் "ஃப்ரீசர்" என்று எழுதிவிட்டு சஸ்பெண்ட் செய்தால், புரோகிராம்களை உறைய வைப்பது வரை போய் சில நொடியில் திரும்பிவிடும். அது நன்றாக நடந்தால் "டிவைசஸ்", பிறகு "பிளாட்ஃபார்ம்", அப்புறம் "ப்ராசஸர்ஸ்", கடைசியாக "கோர்". டிவைசஸில் விழுந்தால் ஏதோ ஒரு டிரைவர், பிளாட்ஃபார்மில் விழுந்தால் சந்தேகம் பயாஸ் பக்கம் திரும்பும். முடிந்ததும் "நன்" என்று எழுதி விடுங்கள். இல்லையென்றால் அடுத்த ரீபூட் வரை லேப்டாப் உண்மையில் தூங்காது.

பிழை அறிக்கையை உங்கள் விநியோகத்தின் பிழைப் பதிவகத்தில் முதலில் போடுங்கள், கெர்னல்காரர்களிடம் நேரே போக வேண்டாம். படி 1-இல் எழுதி வைத்த தாள், பிஎம்_டெஸ்டில் எது தோற்றது, என்ட்ரி வரியிலிருந்து தொடங்கும் பதிவு, பேட்டரிக் கணக்கு ஆகியவற்றை இணையுங்கள். பதிவில் உங்கள் வைஃபை பெயரும் கணினிப் பெயரும் இருக்கும், போடுமுன் நீக்கிவிடுங்கள். பழைய கெர்னலில் சரியாக இருந்து புதியதில் கெட்டிருந்தால் இரண்டு பதிப்பு எண்களையும் தலைப்பிலேயே எழுதுங்கள். அப்படிப்பட்ட அறிக்கைகளைத்தான் சீக்கிரம் கையில் எடுக்கிறார்கள். பதில் வரும்வரை அந்தப் பழைய கெர்னல் அப்டேட்டில் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டுவிலும் டெபியனிலும் "ஏபிடி-மார்க் ஹோல்ட்" போட்டு, அந்தப் பதிப்பு எண் உள்ள கெர்னல் தொகுப்பின் பெயரைக் கொடுத்தால் அது அங்கேயே இருக்கும்.